மூணாவது மாடிக்கு மணி அடிக்காது

எங்கள் வீட்டு ஹாலில், காலண்டருக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து இப்போது டீ நிறத்துக்கு வந்துவிட்ட இன்டர்காம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு யாராவது வந்தால் வாட்ச்மேன் கீழேயிருந்து 302 என்று அமுக்குவார், மேலே இது அடிக்கும், நாம் எடுத்து "அனுப்புங்க" என்று சொல்ல வேண்டும். ஏற்பாடு அதுதான். நாங்கள் இந்த கள்ளிக்குப்பம் ஃபிளாட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அது ஒரு தடவைகூட அடித்ததில்லை. அம்மா ஆயுத பூஜைக்கு ஃபிரிட்ஜ், கிரைண்டர், அப்பாவின் வண்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கும்போது அதற்கும் ஒன்று வைப்பாள். வேலை செய்யாத சாதனத்துக்கு ஆயுத பூஜை செய்தது எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கும்.

"அது ரிப்பேருடா" என்பார் அப்பா. யாரும் கேட்காதபோதே சொல்வார்.

நாங்களும் கவலைப்படவில்லை. எங்களைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் இரண்டாவது மாடியில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போவார்கள். அங்கே சோபாவில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, நலம் விசாரித்து முடித்த பிறகுதான் மூன்றாவது மாடிக்கு ஏறி வருவார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களும் அப்படித்தான். மூத்தவர் வீட்டில் தட்டு நிறையப் பழத்தோடு வைத்துவிட்டு, மீதியிருக்கும் குங்குமத்தோடு எங்களிடம் வருவார்கள். எங்கள் குடும்பத்து வழக்கம் அது. குடும்ப நிலத்தை ப்ரமோட்டரிடம் கொடுத்து அண்ணன் தம்பி ஆளுக்கொரு ஃபிளாட் வாங்கினபோது நிலம் கையைவிட்டுப் போனது. வழக்கம் மட்டும் எங்களோடு படியேறி வந்துவிட்டது. லிஃப்ட் கிடையாது, ஆனாலும் வந்துவிட்டது.

அம்மா தையலில் இறங்கிய பிறகுதான் சிக்கல்.

அம்மா, பெயர் வடிவு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் வருஷக்கணக்காகக் காலர் தைத்தாள். காலர் மட்டும். சட்டையின் மற்ற பாகங்களை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கம்பெனி அந்தப் பிரிவை மூடியதும், காலால் மிதிக்கும் தையல் மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டு, ஜாக்கெட் தைக்கக் கற்றுக்கொண்டாள். என் அம்மா என்பதற்காகச் சொல்லவில்லை, நன்றாகவே தைக்கிறாள். வாங்கிப் போன பெண்கள் நாலு பேரிடம் சொன்னார்கள். அந்த நாலு பேர்தான் வந்து சேரவில்லை.

தெரிந்தவர்கள் என்றால் செல்லில் கூப்பிடுவார்கள். அம்மா மூட்டு வலியோடு மூன்று மாடி இறங்கி, கேட்டுக்குப் போய், கையெழுத்துப் போட்டுக் கூட்டி வருவாள். ஏனென்றால் எங்கள் அசோசியேஷனில் ஒரு சட்டம் உண்டு. இன்டர்காமில் சரி என்று சொன்னால்தான் வெளியாள் உள்ளே வரலாம். செல்போனில் சொன்னால் ஏற்கமாட்டார்கள். ஒரு சைக்கிள் காணாமல் போனதை ஒட்டி, அசோசியேஷன் தலைவர் என்ற முறையில் பெரியப்பா குணசேகரன் கொண்டுவந்த சட்டம் இது. அந்த சைக்கிள் அடுத்த வாரமே எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடைத்தது. சைக்கிள் திரும்பி வந்தது. சட்டம் திரும்பிப் போகவில்லை.

கல்யாண சீசன் வந்தது, அம்மாவின் மிஷின் மேல் துணி மூடியே கிடந்தது. ஒரு நாள் காலேஜ் விட்டு வந்து பார்த்தால், தான் போட்டுக்கொள்ளும் ஜாக்கெட் ஒன்றின் கழுத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு தையலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பண்றே?"

"எங்க தப்பு பண்றேன்னு பாக்கறேன். ஒருத்தி வந்தா மறுபடி ஆள் அனுப்பணும் இல்ல? அனுப்ப மாட்டேங்கறாளுங்க. நம்ம கைதான் சரியில்லியோ இன்னாவோ." பிரித்த கழுத்தை மடித்து வைத்தாள். "இந்த மாசம் பாக்கறேன். இல்லேன்னா மிஷின குடுத்துட்டு எஸ்டேட்டுல பேக்கிங் வேலைக்குப் போயிடறேன்."

பேக்கிங் என்றால் நாள் முழுக்க நிற்க வேண்டும். அவளுடைய முட்டிக்கு ரேஷன் கடை வரிசையே அதிகம்.

அந்த வாரம்தான் வகுப்பில் சிம்ரன் என்னைப் பிடித்தாள். ஆவடி குவார்ட்டர்ஸ் பெண். அப்பாவுக்குப் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. அவள் அக்காவுக்குக் கல்யாணம், நிறைய ஜாக்கெட் தைக்க வேண்டும் என்றபோது நான்தான் அம்மாவைப் பற்றி அளந்துவிட்டிருந்தேன்.

"டேய் கார்த்திகேசன், உங்க வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை வந்தோம்டா. வாட்ச்மேன் மேல ஃபோன் போட்டுட்டு, ஆளில்ல போங்கன்னு சொல்லிட்டாரு. உனக்குப் போட்டா ஸ்விட்ச் ஆஃப். எங்கம்மா வெயில்ல நின்னு நின்னு சிவந்துட்டாங்க."

"வீட்லதானே இருந்தோம்!"

"தைக்க இஷ்டமில்லன்னா நேரா சொல்லியிருக்கலாம்ல."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தேன். செத்துப்போன இன்டர்காம். வாட்ச்மேன் அடிக்கிறார், மேலே அடிக்கவில்லை, ஆளில்லை என்று திருப்பி அனுப்புகிறார். எத்தனை பேர் இப்படிப் போனார்களோ. அம்மா தன் கழுத்துத் தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள், கோளாறு சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது!

"சனிக்கிழமை ஒரு தடவை வாங்க. இன்டர்காம மாத்திடறேன்" என்றேன்.

"இதான் கடைசி. இல்லேன்னா ஆவடி மார்க்கெட்லயே குடுத்துருவோம்" என்றாள்.

அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு கடையில் புது ரிசீவர் வாங்கி வந்தேன். அதைப் பார்த்ததும் அப்பா பரந்தாமனுக்கு முகம் போன போக்கு, நான் என்னவோ வீட்டுக்குப் பாம்பு வாங்கி வந்த மாதிரி இருந்தது. அவர் அண்ணனூரில் மின்சார ரயில்களைப் பழுதுபார்க்கும் ஷெட்டில் வேலை பார்க்கிறவர். ஒரு முழு ரயிலையே பிரித்து மாட்டுகிறவர்.

"எதுக்குடா இதெல்லாம்? தண்டச் செலவு. அது ரிப்பேருன்னா ரிப்பேருதான்."

"ரிப்பேருன்னாதான்ப்பா மாத்தணும்."

"மாத்தினாலும் அடிக்காது."

"எப்டிப்பா தெரியும்?"

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். அன்றைக்கு அவர் கிளம்பிய வேகத்தில் ரயில்கள் கிளம்பினால் ஆவடி மக்கள் யாரும் ஆபீசுக்குத் தாமதமாகப் போகமாட்டார்கள்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருடம். காலேஜில் வயர்களை வரைந்திருக்கிறேன், தொட்டதில்லை. ஆனாலும் சனிக்கிழமை காலை டீ நிறப் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி, எந்த நிற வயர் எங்கே இருந்தது என்று ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு, புதியதில் அதே இடங்களில் மாட்டி, ஸ்குரூவை முடுக்கினேன். அம்மா புது ரிசீவருக்கு உடனே பொட்டு வைத்தாள். கீழே இறங்கி வாட்ச்மேன் செங்கல்வராயனிடம் போனேன்.

"அண்ணாத்தே, எங்க ஊட்டுக்கு ஒரு தடவை அடிங்க."

"இன்னா தம்பி, நீயே கீழ நின்னுகினு உங்க ஊட்டுக்கு அடிக்கச் சொல்றே?"

"அடிங்கண்ணா, டெஸ்டிங்."

302 அமுக்கி ரிசீவரை என்னிடம் கொடுத்தார். மேலே மூன்றாவது மாடி ஜன்னலில் அம்மா நின்றிருந்தாள். கையை விரித்துக் காட்டினாள். அடிக்கவில்லை. ஆனால் என் காதில் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு தடவை அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"யாருய்யா?"

பெரியப்பாவின் குரல்.

நான் ரிசீவரைப் பார்த்தேன். செங்கல்வராயனைப் பார்த்தேன். "302-தானே அமுக்கினீங்க?"

"ஆமா. எப்பவும் இவருதான் எடுப்பாரு. உங்க நைனான்னு இல்ல நெனச்சேன்!"

"யாருய்யா அங்க?" என்றது ரிசீவர்.

"நான்தான் பெரியப்பா. கார்த்திகேசன்."

"நீ எதுக்குடா கேட்டுல நிக்கிறே? மேல வா."

போனேன். இரண்டாவது மாடியில் பெரியப்பா ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். கைக்கு எட்டுகிற இடத்தில் சுவரில் இன்டர்காம். அதன் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச். பெரியம்மா ஜெகதாம்பாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பெரியப்பா, எங்க நம்பர் உங்க ஊட்டுல அடிக்குது."

"ஆமா."

அந்த 'ஆமா'வை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். திருடன் மாட்டிக்கொண்டால் முகத்தில் ஒரு பதற்றமாவது வரும். இவர் சூரியன் கிழக்கே உதிக்கிறதா என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"ஆமான்னா?"

"தம்பி ஊட்டுக்கு வர்றவன் அண்ணன் ஊட்டத் தாண்டித்தானடா வரணும்? லைனும் அப்டித்தான் வரும். கட்டும்போதே ப்ரமோட்டர்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டு ஊட்டுக்கும் ஒரே லைனு, மெயின் என் ஊட்டுல. தோ, இந்த சுவிட்ச மேல தள்ளினா உங்களுக்குப் போவும். யாரு, இன்னான்னு கேட்டு, வேண்டிய ஆளா இருந்தா தள்ளி வுடுவேன்."

"இத்தினி வருஷத்துல ஒரு தடவைகூடத் தள்ளலியே!"

"வேண்டிய ஆளு எவன்டா கேட்டுல நின்னு கேக்கறான்? அவன் நேரா நம்ம ஊட்டுக்கு வரான்."

இதில் ஒரு தர்க்கம் இருந்தது. அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

"தைக்கக் குடுக்க வர்றவங்க?"

ஊஞ்சலை நிறுத்தினார். "அந்தப் பை தூக்கினு வர்ற பொம்பளைங்களா? நிலம் குடுத்த குடும்பம்டா இது. நம்மகிட்ட மனை வாங்கினு ஊடு கட்டினவன் இந்த ஏரியாவுல எத்தினி பேரு தெரியுமா? அவனுங்க பொண்டாட்டிக்கு எங்க ஊட்டு மருமவ அளவு எடுத்துனு கெடப்பாளா? தையக்காரி யாரும் இங்க இல்லன்னு சொல்லி அனுப்பிடுவேன்."

"கம்பெனில காலர் தெச்சப்போ மட்டும் கவுரவமா இருந்துச்சா?"

"அது உள்ள ஒக்காந்து தெச்சா. எவன் பாத்தான்?"

பெரியம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் ஆய்வது நின்றிருந்தது.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது மணி அடித்தது. பெரியப்பா ஒரு கையை எனக்கு, பேசாதே என்று காட்டிவிட்டு, மறு கையால் எடுத்தார்.

"யாருய்யா... ஆவடியா? ஜாக்கெட்டா? அப்படி யாரும் இங்க இல்ல. போவச் சொல்லு."

என் கண் முன்னால். என் அம்மாவை. இல்லவே இல்லை என்று. பின்னால் ஊஞ்சல் மறுபடி கிரீச்சிட ஆரம்பித்தது.

படியில் விழுந்தடித்துக் கீழே ஓடினேன். ஆட்டோ தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது. "சிம்ரன்!" என்று கத்தினேன். ஆட்டோ போய்விட்டது.

"இன்னாண்ணா, நான் இப்பத்தானே உங்ககிட்ட பேசிட்டுப் போனேன்!"

செங்கல்வராயன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "தலைவரு போவச் சொல்லுன்னா நான் இன்னா தம்பி பண்றது? எனக்கு சம்பளம் போடறது அவருதானே."

சிம்ரனுக்குப் போன் போட்டேன். "எங்கம்மா செம கோவத்துல இருக்காங்க. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

மேலே போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பிரித்துவைத்திருந்த ஜாக்கெட்டை எடுத்து, கழுத்தை மறுபடி தைக்க ஆரம்பித்தாள். மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "அப்போ என் கைல தப்பு இல்ல" என்றாள்.

சாயந்தரம் அப்பா வந்தார். சட்டையைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்டாள்.

"லைனு உங்க அண்ணன் ஊட்டு வழியா வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அப்பா புது ரிசீவரைப் பார்த்தார். "தெரியும்."

"ரிப்பேருன்னு சொன்னீங்களே."

"அண்ணன் கேட்டாரு. கட்டற டைமுல. ஒரே லைனா வச்சிக்கலாம்டா பரந்தாமான்னாரு. நான் சரின்னேன். அப்புறம் உங்ககிட்ட எப்டி சொல்றதுன்னு..."

"நான் சோறு தின்னாம, தூங்காம, எங்க தப்பு பண்றேன்னு ஒவ்வொரு தையலா பிரிச்சுப் பாத்துனு இருந்தேனே. நீங்க அதப் பாத்துனுதானே இருந்தீங்க?"

அப்பா கழற்றிய சட்டைப் பொத்தானை மறுபடி போட்டுக்கொண்டார். ரயிலுக்குப் பிரேக் வேலை செய்யவில்லை என்றால் கண்டுபிடித்துவிடுவார். சொந்த வீட்டில் வருஷக்கணக்கில் ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ரிப்பேர் எது என்று மட்டும் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபம் பெரியப்பாமேல் வந்ததைவிட அதிகம். பெரியப்பாவாவது நிமிர்ந்து உட்கார்ந்து, தான் செய்ததைச் சொன்னார்.

"போய் அண்ணன்கிட்ட கேட்டு லைன பிரிச்சுத் தரச் சொல்லட்டா?" என்றார் அப்பா.

"கேக்க வேணாம்" என்றாள் அம்மா. "இனிமே அந்த ஊட்ல ஒண்ணும் கேக்க வேணாம். நம்ம பார்க்கிங் நமக்குத்தானே?"

எங்கள் பார்க்கிங் கேட்டை ஒட்டினாற்போல் இருக்கிறது. பெரியப்பா வீட்டு பால்கனிக்கு நேர் கீழே. அங்கே அப்பாவின் பைக் ஒன்று மட்டும் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா மிஷினின் மேல்பாகத்தைக் கழற்றச் சொன்னாள். நான் இரும்புக் காலின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். மறு பக்கத்துக்கு அம்மா குனிந்தபோது அப்பா வந்து, எதுவும் பேசாமல், மிஷின் தலையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். இரண்டாவது மாடியில் பெரியப்பா பேப்பர் எடுக்கக் கதவைத் திறந்தார்.

"இன்னா பரந்தாமா, எங்க எடுத்துனு போறே?"

"கீழண்ணா."

"எதுக்கு?"

"கனமா கீதுண்ணா. எறக்கி வெச்சுட்டு வந்து சொல்றேன்."

இறக்கி வைத்தார். திரும்பிப் போய்ச் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் அண்ணனுக்குச் சொல்லாமல் விட்ட முதல் பதில் அதுவாகத்தான் இருக்கும். அம்மா மிஷினைப் பூட்டி, ஒரு ஸ்டூலைப் போட்டு, அளவு டேப்பைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினாள். தெரு முழுக்க மணந்தது.

நான் சிம்ரனுக்கு ஒரு படம் அனுப்பினேன். கூடவே நடந்ததை எல்லாம் எழுதினேன். மதியத்துக்கு முன்னால் மறுபடி ஆட்டோ வந்தது.

செங்கல்வராயன் கையை நீட்டித் தடுத்தார். "தலைவர் ஓகே சொல்லாம உள்ள வுட முடியாதும்மா."

"உள்ள வேணாம், அவங்க அங்கயே நிக்கட்டும்" என்றாள் அம்மா, மிஷினிலிருந்து எழுந்து. "சட்டம் உள்ள வர்றதுக்குத்தானே?"

அப்படித்தான் நடந்தது. கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் சிம்ரனும் அவள் அம்மாவும். இந்தப் பக்கம் என் அம்மா. பட்டுத் துணிகள் கம்பிகளுக்கு இடையில் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. கைக்கு எவ்வளவு நீளம், முதுகுக்கு எந்த டிசைன் என்று தெருவில் நின்று பேசினார்கள். எதிர்வீட்டுப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் இருவர் வீட்டுக்குப் போய்த் துணி எடுத்து வந்தார்கள்.

பால்கனியில் பெரியப்பா தெரிந்தார். "வடிவு! இன்னா இது? பார்க்கிங்குல வண்டிதான் நிக்கணும். அசோசியேஷன் ரூல் தெரியுமா?"

அம்மா எழுந்து நின்றாள். பெரியவர் பேசும்போது அவள் உட்கார்ந்ததில்லை. முந்தானையையும் சரிசெய்துகொண்டாள். "இதுக்கும் சக்கரம் கீது மாமா" என்று மிஷின் சக்கரத்தைத் தொட்டுக் காட்டினாள். பிறகு உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தாள்.

எதிர்வீட்டுப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். பெரியப்பா உள்ளே போய்விட்டார்.

யாருக்கும் தெரியக்கூடாது என்று அவர் சுவிட்ச் போட்டுக் காத்த கவுரவம், இப்போது தினமும் காலை முதல் மதியம்வரை கேட்டு வாசலில் டடடட என்று சத்தம் போட்டது. தண்ணீர் கேன் போடுகிறவர் வழி கேட்பவர்களிடம், "குணசேகரன் தம்பி பொண்டாட்டி தையக் கடை கீதே, அதுக்கு எதிர்ல" என்று சொல்ல ஆரம்பித்தார். இதை அவர் பால்கனிக்குக் கீழே நின்றே சொன்னார். குரலும் நல்ல பெரிய குரல்.

அந்த வாரம் முடிவதற்குள் பெரியப்பாவே எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து, எங்கள் லைனைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தார். மூன்றாவது மாடிவரை ஏறி வந்து வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. நாங்கள்தான் அவரிடம் நன்றி சொல்ல வேண்டும் என்பதுபோல் நின்றார்.

"லைன் குடுத்துட்டேன். மிஷின மேல எடுத்துனு வந்துடு வடிவு."

"இருக்கட்டும் மாமா. கீழ காத்து நல்லா கீது. காபி குடிச்சிட்டுப் போங்க."

அவர் குடிக்கவில்லை. அம்மா மிஷினை மேலே கொண்டுவரவும் இல்லை.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக்கு எல்லோரும் மேலே இருந்தோம். திடீரென்று ஹாலில் ஏதோ கத்தியது. அப்பா கேஸ் கசிகிறதோ என்று சமையலறைக்கு ஓடினார். நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். அம்மாதான் முதலில் சுவரைப் பார்த்தாள். புது இன்டர்காம், பொட்டோடு, அடித்துக்கொண்டிருந்தது.

எடுத்தேன்.

"தம்பி, செங்கல்வராயன். கீழ பெரியவர் ஊட்டு அம்மா வந்துகீறாங்க. மிஷினாண்ட ஆளக் காணோம்னு நிக்கறாங்க. கைல துணிப் பை. மேல அனுப்பலாமா?"

பின்னால் பெரியம்மாவின் குரல் கேட்டது. "யோவ், நான் இந்த பில்டிங்குலதான்யா கீறேன்! என்னயே ஃபோன் போட்டுக் கேப்பியா?"

"தலைவர் போட்ட சட்டம்மா. பை எடுத்துனு வந்தா கேட்டுட்டுத்தான் அனுப்பணும்."

நான் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினேன். "அம்மா, பெரியம்மா வந்துகீறாங்களாம். தைக்கக் குடுக்க. அனுப்பலாமா?"

அப்பா சாதத்தில் கை வைத்தபடி அம்மாவின் முகத்தையே பார்த்தார். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவசரப்படாமல் ஊற்றி முடித்தாள், கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

"அளவு ஜாக்கெட் எடுத்துனு வந்தாங்களானு கேளு" என்றாள். "இல்லேன்னா போய் எடுத்துனு வரச் சொல்லு."